“பிள்ளை தூங்குகிறது, எனக்குத்தான் தூக்கம் வரவில்லை”

ஏற்காட்டுப் பக்கமிருந்து 26 வயதுத் தாய் ஒருவர் நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாமலிருக்க சில விவரங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

முதல் பிரசவம். சேலத்தில் சிசேரியன் ஆகிப் பெண் குழந்தை பிறந்து ஒன்பது வாரம் ஆகிறது. கணவர் சேலத்தில் வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் வேலை செய்கிறார், ஞாயிற்றுக்கிழமை மட்டும் மலைக்கு வந்து போகிறார். இவர் இருப்பது தாய்வீட்டில். அம்மா எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிப்பவர். இப்போது சீசன் என்பதால் காலையில் கிளம்பினால் பொழுது சாயத்தான் வருகிறார். அதுவரை வீட்டில் தாயும் பிள்ளையும் மட்டும்.

“மூணாம் நாள் அழ ஆரம்பிச்சேன், இன்னும் நிக்கல. பிள்ளை தொட்டில்ல தூங்கும், நான் ஓட்டைப் பார்த்துக்கிட்டுக் கிடப்பேன். சோறு இறங்கல. பிள்ளை அழுதா பயமா இருக்கு. வாசல்ல நின்னா, எதிரே பள்ளம். கையில இருக்கிற பிள்ளையைப் போட்டுடுவேனோன்னு திடீர்னு ஒரு நெனப்பு வரும். உடனே உள்ளே ஓடிக் கதவைச் சாத்திக்குவேன். நான் இல்லாட்டிப் பிள்ளைக்கு நல்லதுன்னு ரெண்டு தரம் தோணுச்சு” என்று எழுதியிருக்கிறார்.

காத்துக் கருப்பு பட்டிருக்கிறது என்று அம்மா மந்திரித்துத் தாயத்துக் கட்டியிருக்கிறார். “நாங்கல்லாம் பெத்து எந்திரிச்சு அடுத்த மாசமே தறியில உக்காந்தோம்” என்கிறார் மாமியார். மூன்றாம் மாதம் சேலத்துக்கு அழைத்து வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பது கணவரின் முடிவு. இவர் கேட்பது நான்கு: எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதா? மாத்திரை சாப்பிட்டால் பால் கெடுமா? மனநல டாக்டரிடம் போய்ச் சீட்டு வாங்கினால், நாளைக்கு அதைக் காட்டிப் பிள்ளையைப் பிடுங்கிக்கொள்வார்களா? மூன்றாம் மாதம் வரை பொறுத்துப் பார்க்கட்டுமா?

சகோதரி, இந்தப் பதில் வெளிவரும் வரை உங்களைக் காக்க வைக்கக் கூடாது என்று, அவசரமான இரண்டு விஷயங்களைக் கடிதத்தில் இருந்த எண்ணில் உங்களிடமும் கணவரிடமும் முன்பே பேசிவிட்டோம். பகலில் தனியாக இருக்க வேண்டாம், வீட்டில் தோட்டத்துப் பூச்சி மருந்து இருந்தால் அப்புறப்படுத்துங்கள் என்பவைதான் அவை. இனி விரிவாக.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். பொறுக்க வேண்டாம். தானாகச் சரியாகும் கட்டம் ஒன்று உண்டு, அதை நீங்கள் எப்போதோ தாண்டிவிட்டீர்கள்.

அழுகை எல்லாம் ஒன்றல்ல

பிள்ளை பெற்றவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு மூன்றாம் நாள், நான்காம் நாள் வாக்கில் காரணமில்லாமல் அழுகை வரும், எரிச்சல் வரும், அடுத்த நிமிடமே சிரிப்பும் வரும். கர்ப்ப காலத்தில் உச்சத்தில் இருந்த ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் ஹார்மோன்கள் நஞ்சுக்கொடி வெளியேறியதும் சடாரென்று இறங்குகின்றன. அதோடு தூக்கமின்மையும் தையல் வலியும் சேர்ந்துகொள்கின்றன. இதற்கு மருந்து வேண்டாம். பக்கத்தில் ஆள் இருந்து, வேளைக்குச் சோறும் தூக்கமும் கிடைத்தால் இரண்டு வாரத்துக்குள் அடங்கிவிடும். உங்கள் மாமியாருக்கு வந்து போனது இதுவாகத்தான் இருக்கும். அதனால் அவர் சொல்வது பொய்யில்லை, உங்கள் நிலைமைக்குப் பொருந்தவில்லை, அவ்வளவுதான்.

இரண்டு வாரம் தாண்டியும் அழுகை நிற்காமல், பிள்ளை தூங்கும்போதும் தூக்கம் வராமல், பசி போய், எதிலும் ஒட்டாமல், தன்னையே குற்றவாளியாக நினைக்க ஆரம்பித்தால் அது பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு நோய். உங்கள் கடிதம் இதைத்தான் காட்டுகிறது. உறுதியாகச் சொல்ல நேரில் பார்க்க வேண்டும். இது அபூர்வமான நோய் இல்லை. இந்தியாவில் நடந்த பல ஆய்வுகளைத் தொகுத்து 2017இல் வெளியான கணக்கின்படி, ஏறக்குறைய 22 சதவீதத் தாய்மார்களுக்கு இது வருகிறது. ஐந்தில் ஒருவருக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் பலர் ‘பச்சை உடம்பு, அப்படித்தான் இருக்கும்’ என்ற பேச்சுக்குள்ளேயே அதைக் கழித்துவிடுகிறார்கள்.

மூன்றாவது வகைதான் நீங்கள் ‘பைத்தியம்’ என்று பயப்படுவது. ஆயிரம் பிரசவத்தில் ஒன்றிரண்டு பேருக்கு, பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள், மளமளவென்று வரும். தூக்கமே இல்லாமல் ஓயாத பேச்சு, காதில் குரல், ‘இது என் பிள்ளையே இல்லை’, ‘இதற்குள் ஏதோ புகுந்திருக்கிறது’ என்ற அசையாத நம்பிக்கை, ஆள் அடையாளம் தெரியாத குழப்பம் என்று போகும். இது அவசர சிகிச்சைக்குரியது. நள்ளிரவானாலும் 108ஐ அழைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும், தாயையும் பிள்ளையையும் ஒரு நிமிடம்கூடத் தனியே விடக் கூடாது. இந்த அடையாளம் எதுவும் உங்கள் கடிதத்தில் இல்லை. நான்கு பக்கத்திலும் தேதி தவறவில்லை, பேச்சுக் கோவை தவறவில்லை. ஆனாலும் இந்தப் பத்தியை உங்கள் அம்மாவிடம் படித்துக் காட்டுங்கள். இப்படி ஒன்று ஆரம்பித்தால் முதலில் கண்ணில் படுவது கூட இருப்பவருக்குத்தான்.

வாசலில் வந்த அந்த நினைப்பு

கடிதத்தில் மற்ற எல்லாவற்றையும் எழுதிவிட்டு இதை மட்டும் ஓரத்தில் பொடி எழுத்தில் எழுதியிருக்கிறீர்கள். இதைச் சொல்லத்தான் அதிகம் கூசியிருக்கிறீர்கள் என்று புரிகிறது.

பிள்ளையைப் போட்டுவிடுவேனோ, தண்ணீரில் விட்டுவிடுவேனோ என்று கேட்காமலே வந்து விழும் நினைப்புகள் புதுத் தாய்மார்களுக்குச் சர்வசாதாரணம். மனச்சோர்வு இல்லாதவர்களுக்கும் வரும். கனடாவில் நடந்த ஓர் ஆய்வில், முதல் குழந்தை பெற்றவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேர், தாங்களே பிள்ளைக்கு ஏதாவது செய்துவிடுவது போன்ற வேண்டாத நினைப்பு வந்ததை ஒப்புக்கொண்டார்கள். நினைப்பு வந்ததும் நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதைத்தான் நான் பார்ப்பேன். பதறி உள்ளே ஓடிக் கதவைச் சாத்தினீர்கள். அந்த நினைப்பு உங்களுக்கு அருவருப்பாக இருக்கிறது, அதை எதிர்த்து நிற்கிறீர்கள். இது ஆசையும் இல்லை, திட்டமும் இல்லை. பதற்றத்தின் ஒரு முகம். மனச்சோர்வும் பதற்றமும் சேர்ந்திருக்கும்போது இது அடிக்கடி வரும், சிகிச்சை தொடங்கிச் சில வாரத்தில் குறையும். டாக்டரிடம் இதைத் தயங்காமல் சொல்லுங்கள். இதைக் கேட்டு அவர் முகம் சுளிக்க மாட்டார்.

ஆனால் ‘நான் இல்லாவிட்டால் நல்லது’ என்று தோன்றியதை நான் அப்படி இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. பதற்றத்தில் வந்து போகும் நினைப்பு வேறு, இது வேறு. மனச்சோர்வு முற்றும்போது மனசு சொல்லும் பொய் இது. இதை நம்பிப் போனவர்கள் உண்டு. மறுபடி தோன்றினால், எந்த நேரமானாலும் முதலில் பக்கத்தில் இருப்பவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். ‘டெலி மானஸ்’ என்கிற அரசு மனநல உதவி எண் 14416. கட்டணம் இல்லை, இரவு பகல் எப்போதும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். 104க்கும் அழைக்கலாம். தோன்றுவதோடு நில்லாமல் ‘எப்படி’ என்று மனசு யோசிக்க ஆரம்பித்தால் போனோடு நிறுத்தாமல் நேரே ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும்.

காத்தும் தாயத்தும்

உங்கள் அம்மாவோடு இதற்காகச் சண்டை போடாதீர்கள். விடியற்காலையில் எழுந்து உங்களுக்குப் பூண்டுக் குழம்பு வைத்துவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு போகிற மனுஷி அவர். பெண்ணுக்கு ஏதோ சரியில்லை என்று முதலில் கண்டுபிடித்ததும் அவர்தான். அதற்கு அவர் வைத்த பெயர்தான் வேறு. தாயத்து இருக்கட்டும், கழற்றச் சொல்லமாட்டேன். கோயிலுக்குப் போவதும் மனசுக்கு இதம் என்றால் போங்கள். பட்டினி போடுவது, புகை போடுவது, கட்டி வைப்பது, அடிப்பது என்று யாராவது ஆரம்பித்தால் மட்டும் உடனே நிறுத்திவிட வேண்டும்.

பத்தியத்தில் ஒன்றை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். தையல் சீழ் பிடிக்கும் என்று ஒரு நாளைக்கு இரண்டு டம்ளர் வெந்நீர்தான் தருகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். பால் கொடுக்கிற உடம்புக்கு இது ஆகவே ஆகாது. பிரசவமான சில வாரங்களுக்கு இரத்தம் உறையும் தன்மை இயல்பாகவே கூடுதலாக இருக்கும். தண்ணீரும் குறைந்தால் மூளை இரத்தக் குழாயில் கட்டி உறையும் ஆபத்து உண்டு. தாங்க முடியாத தலைவலி, பார்வை மங்கல், வலிப்பு, திடீர்க் குழப்பம் எது வந்தாலும் அதைக் காத்து என்றோ மனசு என்றோ ஒதுக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தாகத்துக்குத் தண்ணீர் குடித்தால் தையல் சீழ் பிடிக்காது.

மாத்திரையும் தாய்ப்பாலும்

மாத்திரைதான் ஒரே வழி என்று இல்லை. இலேசான, நடுத்தரமான சோர்வுக்கு முறையான பேச்சு சிகிச்சையே போதும். 2008இல் வெளியான பாகிஸ்தான் கிராமப்புற ஆய்வு ஒன்றில், மனநல டாக்டர் யாரும் இல்லாமல், பயிற்சி பெற்ற சாதாரண சுகாதாரப் பணிப்பெண்கள் வீடு தேடிப் போய்ப் பேசினார்கள். ஆறு மாதத்தில் அந்தத் தாய்மார்களில் நோய் நீடித்தவர்கள், மற்றவர்களோடு ஒப்பிட்டால் பாதிக்கும் குறைவு. ஆனால் உங்களுக்குத் தூக்கம், பசி இரண்டும் போய், சாவு பற்றிய எண்ணமும் வந்திருப்பதால், பார்க்கிற டாக்டர் மருந்தும் எழுதுவார் என்றே நினைக்கிறேன்.

மனச்சோர்வு மருந்துகளில் செர்ட்ரலின் போன்றவை பால் கொடுக்கும் தாய்மார்களுக்குப் பல வருடங்களாகக் கொடுக்கப்படுகின்றன. பாலில் சேரும் அளவு மிகக் குறைவு. குழந்தையின் இரத்தத்தைச் சோதித்தாலும் பெரும்பாலும் கண்டுபிடிக்க முடியாத அளவு. பால் நிறுத்த வேண்டியதில்லை. வேலை செய்ய இரண்டிலிருந்து நான்கு வாரம் பிடிக்கும். முதல் வாரம் கொஞ்சம் குமட்டல் இருக்கலாம். அதைப் பார்த்து நிறுத்திவிடாதீர்கள். நன்றான பிறகும் ஆறு மாதமாவது தொடர வேண்டும், நிறுத்தும்போது டாக்டர் சொல்கிறபடி படிப்படியாகக் குறைக்க வேண்டும். இதற்கு அடிமையாகிவிடுவீர்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அடிமைப்படுத்தக் கூடியவை சில தூக்க மாத்திரைகள். அவற்றை மட்டும் மெடிக்கலில் கேட்டு வாங்கிப் போடாதீர்கள், பக்கத்தில் பிள்ளையைப் படுக்கவைத்துக்கொண்டு தூங்குகிறவருக்கு அது ஆபத்து.

மருந்து எழுதுமுன் டாக்டர் இரண்டு விஷயம் பார்ப்பார், பார்க்காவிட்டால் நீங்களே கேளுங்கள். ஒன்று, இரத்தப் பரிசோதனை. தைராய்டு கோளாறு பிரசவத்துக்குப் பின் வரக்கூடியது, சோர்வையும் படபடப்பையும் கொண்டுவரும். ஹீமோகுளோபின் குறைவும் அப்படித்தான். இரண்டு, உங்களுக்கோ குடும்பத்தில் யாருக்கோ முன்பு மிதமிஞ்சிய உற்சாகம், தூக்கமே தேவைப்படாத நாட்கள் என்று வந்ததுண்டா என்பது. இருந்தால் மருந்து மாறும்.

மாத்திரைக்கு முன் தூக்கம். இதை உங்கள் கணவருக்காக எழுதுகிறேன். இரவில் இவருக்குச் சேர்ந்தாற்போல் ஐந்து மணி நேரத் தூக்கம் கிடைக்க வழி செய்யுங்கள். ஒன்பது மணிக்குப் பால் கொடுத்துவிட்டு, கொஞ்சம் பாலைக் கையால் பீய்ச்சிச் சுத்தமான டம்ளரில் மூடி வைக்கட்டும். வெளியில் வைத்தாலும் நான்கு மணி நேரம் கெடாது. நடுவில் பிள்ளை எழுந்தால் நீங்களோ அத்தையோ பாலாடையில் புகட்டலாம். இதற்கு ஆள் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வந்து பழம் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனால் இது நடக்காது.

அப்புறம், பெண் குழந்தை என்று ஆஸ்பத்திரியில் யாரோ முகத்தைத் திருப்பியதை இவர் ஒரே வரியில் எழுதித் தாண்டிப் போகிறார். நான் தாண்டமாட்டேன். கோவாவில் நடந்து 2002இல் வெளியான ஆய்வில், ஏழ்மை, கணவரின் அடி உதை இவற்றோடு, பிறந்தது பெண் குழந்தை என்பதும் இந்த நோயோடு தொடர்புடையதாக இருந்தது. குழந்தை ஆணா பெண்ணா என்பது தந்தையின் விந்தணுவைப் பொறுத்தது, இதில் இவர் செய்த தப்பு எதுவும் இல்லை என்று நீங்கள் உங்கள் வீட்டில் ஒரு தரம் சத்தமாகச் சொன்னால், பாதி மருந்துக்குச் சமம்.

சீட்டைக் காட்டிப் பிள்ளையைப் பிடுங்க முடியுமா?

நான் வக்கீல் இல்லை. ஆனால் இந்தப் பயத்தோடு வருகிறவர்களைப் பார்ப்பதால் சட்டத்தில் இருப்பதைத் தெரிந்து வைத்திருக்கிறேன். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் மூன்றாவது பிரிவு தெளிவாகச் சொல்கிறது: ஒருவருக்கு மனநோய் இருக்கிறது என்பதாலேயே அவரைச் சித்த சுவாதீனம் இல்லாதவர் என்று கொள்ளக் கூடாது, அதைத் தகுந்த நீதிமன்றம்தான் அறிவிக்க வேண்டும். உங்கள் சிகிச்சை விவரம் ரகசியம். ஆஸ்பத்திரியில் சேர வேண்டி வந்தாலும், மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளையைச் சாதாரணமாகத் தாயிடமிருந்து பிரிக்கக் கூடாது என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் தாயும் சேயும் சேர்ந்து தங்கிச் சிகிச்சை பெற 2009 முதல் தனி வார்டே நடக்கிறது.

குழந்தை யாரிடம் என்று வழக்கே வந்தாலும், ஐந்து வயது வரை சாதாரணமாகத் தாயிடம்தான் என்கிறது, மைனர்களின் பாதுகாப்பு பற்றிய 1956ஆம் ஆண்டு இந்துச் சட்டம். ‘சாதாரணமாக’ என்ற சொல்லுக்கு விதிவிலக்கு உண்டு, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் ஒழுங்காகச் சிகிச்சை எடுத்து நன்றாகிவிட்டேன் என்று காட்டும் சீட்டு உங்களுக்குச் சாதகமாகத்தான் நிற்கும். சிகிச்சை எடுக்காமல் நோய் முற்றுவதுதான் பாதகம். வீட்டில் யாராவது நிஜமாகவே மிரட்டினால், சேலம் நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் உதவி தருவார்கள்.

இந்த வாரம் செய்ய வேண்டியது

பத்தாவது வாரத் தடுப்பூசிக்கு எப்படியும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும். வீட்டில் யாருக்கும் காரணம் சொல்ல வேண்டிய அவசியமே இல்லாத பயணம் அது. அங்கே செவிலியரிடம் “பிள்ளைக்கு ஊசி, எனக்கும் டாக்டரைப் பார்க்கணும்” என்று சொல்லுங்கள். எடின்பரோ அளவுகோல் என்று பத்துக் கேள்வி கொண்ட ஒரு தாள் உண்டு, தமிழிலும் இருக்கிறது. கடந்த ஏழு நாள் எப்படி இருந்தது என்று கேட்கும். ஐந்து நிமிட வேலை. பத்தாவது கேள்வி தன்னைத் தானே வருத்திக்கொள்ளும் எண்ணம் பற்றியது. அதற்கு உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

அங்கிருந்து சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். மனநலப் பிரிவின் புறநோயாளிகள் பகுதிக்குக் காலையிலேயே போய்விடுவது நல்லது. கைப்பிள்ளையோடு வரிசையில் நிற்க முடியாது, கணவரை ஒரு நாள் பட்டறைக்கு லீவு போடச் சொல்லுங்கள். இருபது கொண்டை ஊசி வளைவு இறங்க உடம்பு ஒத்துழைக்காது என்றால், மாவட்ட மனநலத் திட்டத்து டாக்டர் மலைக்கு வரும் நாள் உண்டா என்று செவிலியரிடமே கேளுங்கள். டிஸ்சார்ஜ் சீட்டு, தடுப்பூசி அட்டை, இப்போது சாப்பிடும் மாத்திரை அட்டை மூன்றையும் எடுத்துப் போங்கள். பேச வாய் வராவிட்டால் எனக்கு எழுதிய கடிதத்தையே நீட்டுங்கள். ஓரத்தில் பொடி எழுத்தில் எழுதியது உட்பட.

மூன்றாம் மாதம் சேலம் திரும்புவது பற்றி: ஊர் மாறினால் நோய் மாறாது. ஆனால் பகலெல்லாம் தனியாக இருப்பதைவிட ஆள் இருக்கும் வீடு மேல். மாமியார் வீட்டில் பேச்சு கடுமையாக இருக்கும் என்று பயந்தால், சீசன் முடியும் வரை அத்தையோ சித்தியோ யாராவது மேலே வந்து தங்கட்டும். எதுவானாலும் மருந்து தொடங்கி, ஒரு மறுபார்வையும் முடிந்த பிறகு முடிவெடுங்கள்.

அடுத்த பிள்ளை பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். ஒரு பிரசவத்தில் வந்தவருக்கு அடுத்ததிலும் வர வாய்ப்பு கூடுதல். அடுத்த முறை கர்ப்பம் உறுதியான உடனே டாக்டரிடம் இதைச் சொல்லிவிட்டால், முன்கூட்டியே கவனிக்க முடியும். அதுவரை இடைவெளி வேண்டும். மாதவிலக்கு இன்னும் வரவில்லை என்பதை நம்பி இருந்துவிடாதீர்கள், அது வருமுன்னும் கர்ப்பம் தரிக்கலாம். ஊசி போடப் போகிற அன்றைக்கே செவிலியரிடம் இதையும் கேட்டுக்கொண்டு வாருங்கள்.